வீடு வாங்கித் தந்த கொலைக்கேஸ் வக்கீல்

எங்கள் குடும்பத்தில் வக்கீல் என்றால் ஒரே ஒருவர்தான். புதுக்கோட்டையில் அப்போது கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனால் கறம்பக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் "வக்கீலைப் பாத்துட்டு வாரேன்" என்று யாராவது கிளம்பினால், எந்த வக்கீல் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஏரி மடைத் தண்ணீர்த் தகராறில் என் சித்தப்பா பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் மண்டையை மண்வெட்டிக் காம்பால் பதம் பார்த்தபோது, சித்தப்பாவை ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றியவர் அவர்தான். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் நடந்த அடிதடி, கொலை அத்தனைக்கும் அவரே வக்கீல். அவர் வேறு வகைக் கேஸ் எதையும் தொட்டதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். உலகத்தில் வேறு வகைக் கேஸ் உண்டு என்பதுதான் எங்களுக்குத் தெரியாது.

நான் அப்போது புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டைம் கீப்பர். சமஸ்தானம் போய் ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. ஏழு பத்து வண்டி ஏழு பத்துக்குப் போக வேண்டும். டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தால் அந்த டம்ளரைப் பிடுங்கிக் கீழே ஊற்றிவிட்டு அவரை வண்டியில் ஏற்றுகிற ஆள் நான். கோபக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன். பெயர் பொய்யில்லை.

ஆனால் வீட்டில் என் கோபம் செல்லாது. நாங்கள் குடியிருந்த இடத்தில் நாலு குடித்தனத்துக்கு ஒரு கிணறு, ஒரு கக்கூஸ். என் மனைவி அப்போது ஐந்து மாதம். காலையில் வாந்தியை அடக்கிக்கொண்டு அந்த ஒற்றைக் கதவுக்கு முன்னால் மூன்றாவது ஆளாக நிற்பாள். ஒருநாள் அப்படி நின்றுவிட்டுத் திரும்பி வந்தவள், ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நான் இந்த வீட்டுக்குள்ள வரமாட்டேன், சொல்லிப்புட்டேன்" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். போதாக்குறைக்கு அந்த வாடகை வீட்டுச் சொந்தக்காரரும், ஆவணியில் மகள் கல்யாணம், வீட்டைக் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்.

நல்லவேளையாகத் திருக்கோகர்ணத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது. சின்ன ஓட்டு வீடு. முன்னறை, கூடம், அடுக்களை, பின்னால் சொந்தக் கிணறு. கிணற்றைப் பார்த்ததுமே என் மனைவி முடிவு செய்துவிட்டாள். மற்ற அறைகளை அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு பஞ்சாங்கம் பார்த்தோம். அப்போது ஆனி மூன்றாம் தேதி. ஆடியில் பால் காய்ச்சக் கூடாது. ஆவணியில் அவளுக்கு ஏழு மாதம் ஆகிவிடும். வயிற்றுப்பிள்ளைக்காரி அதற்குமேல் புது வீட்டுக்குக் குடிபோகக் கூடாது என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஒரே குரலில் சொன்னார்கள். இரண்டு பக்கமும் ஒரே குரலில் பேசியது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல்முறை. ஜோசியர் தேடித் தேடி ஒரே ஒரு நாளைக் கொடுத்தார்: ஆனி இருபத்தேழு, வெள்ளிக்கிழமை, காலை ஆறிலிருந்து ஏழரைக்குள். அந்த வண்டியை விட்டால் வேறு வண்டி கிடையாது.

எப்போதும் செய்கிறபடி செய்திருந்தால் இரண்டே நாளில் வேலை முடிந்திருக்கும். சப் ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் வீட்டின் மூலப்பத்திரத்தைக் காட்டினேன். வில்லங்கம் பார்த்தார். ஒரு சிக்கலும் இல்லை, அடமானம் இல்லை, பங்காளி இல்லை, தண்ணீரைப் போலச் சுத்தம் என்றார். "வர்ற திங்கக்கிழமையே எழுதிப்புடலாம்" என்றார்.

அதற்குள் என் அப்பா ஊரிலிருந்து ஒரு பலாப்பழத்தோடு வந்து இறங்கினார். வீட்டுக்கு முக்கால் பங்கு பணம் அவருடையது. ஆகவே பேச்சு முழுப் பங்கும் அவருடையது.

"வக்கீலைப் பாத்தியா?"

"எதுக்குப்பா? பத்திரம் எழுதுறவரே போதும்கிறாரு."

"வக்கீல் வைக்காம வீடு வாங்குறதா? நம்ம வக்கீல்தான் இருக்காருல்ல. அவரு சரின்னு சொல்லட்டும். சொல்ற வரைக்கும் ஒரு தம்பிடி குடுக்கப்படாது." பலாப்பழம் எனக்கில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

வக்கீல் வீட்டு முன்கூடத்தில் பலாப்பழத்தை இறக்கினேன். வக்கீல் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முதலில் பழத்தையும் பிறகு என்னையும் பார்த்தார்.

"யாருக்கு அடி?"

"அடி இல்லீங்கய்யா. வீடு வாங்கப் போறேன்."

"எரிஞ்ச வீடா?"

"இல்லீங்க, நல்ல வீடு."

கொஞ்சம் யோசித்தார். "உள்ள பொணம் கிணம் ஏதாச்சும்..."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

அவருடைய முகம் தொங்கிப்போனது. அதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. சிவில் கேஸ் பார்க்கிற வக்கீல் ஒருவர் பக்கத்துத் தெருவிலேயே இருந்தார், அவரிடம் அனுப்பியிருக்கலாம். ஆனால் எங்கள் வக்கீலுக்கும் ரோஷம் உண்டு. "ஒங்கப்பா என்னை நம்பி அனுப்பியிருக்காரு. நான் இன்னொருத்தன்கிட்ட அனுப்பமாட்டேன். நானே பாக்குறேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மொதல்ல ஒண்ணு கேட்டுக்க. யாரு வந்து கேட்டாலும் எதையும் ஒத்துக்கிடாதே" என்றார்.

"வீடு வாங்குறதையாங்க?"

"எதையும்!"

வீட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தார். வீட்டை அவர் வீடு என்று சொல்லவே இல்லை. "சம்பவ இடம்" என்றார். கிணற்றிலிருந்து அடுக்களைக் கதவு எத்தனை அடி என்று காலடி வைத்து அளந்தார். ஜன்னல் வழியாக ஒருவன் உள்ளே வர முடியுமா என்று தலையை நுழைத்துப் பார்த்தார். தலை நுழைந்தது, திரும்பி வரவில்லை. நானும் வீட்டை விற்கிற வீட்டுக்காரரும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து இழுத்து எடுத்தோம். "சாத்தியமில்லை" என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபது தாண்டிய மனிதர். மனைவி காலமாகி இரண்டு வருஷம். ஒரே மகன் கோயம்புத்தூரில் மில் வேலை. வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அதனால்தான் வீட்டை விற்கிறார். இவர் சமஸ்தானத்துச் சிவில் கோர்ட்டில் டவாலியாக இருந்தவர். தோளின் குறுக்கே பட்டை போட்டுக்கொண்டு, ஜட்ஜ் வருகிறார் என்று குரல் கொடுத்து, கட்சிக்காரர்கள் பெயரையும் சாட்சிகள் பெயரையும் வாசலில் நின்று மூன்று முறை கூப்பிடுவாரே, அவர்தான் டவாலி. முப்பது வருஷம் கூப்பிட்டிருக்கிறார். அந்தக் குரலுக்குத் தெருவில் போகிற மாடுகூட நின்றுவிடும்.

சிவில் கோர்ட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காத எங்கள் வக்கீலுக்கு இது தெரியாது. வக்கீல் பாட்டுக்குக் கூடத்தில் நின்று, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆரம்பித்தார்.

"நீர் இந்த வீட்டை முதன்முதலாகப் பார்த்தது எப்போது?"

"நான் வாங்குறப்பங்க. காலையில பத்து மணிக்கு."

"அப்போது வெளிச்சம் எப்படி இருந்தது?"

எந்தக் கேஸாக இருந்தாலும் இந்தக் கேள்வியை அவர் விடுவதில்லை. இருட்டில் ஆளை அடையாளம் கண்டதாகச் சொன்ன எத்தனையோ சாட்சிகளை இந்த ஒரே கேள்வியில் கவிழ்த்தவர் அவர். வீட்டுக்காரர் இப்போது எழுந்து வெளியே போகச் சொல்லப் போகிறார், கிணறும் போச்சு வீடும் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். அதைக் குறுக்கே பட்டை மாதிரி போட்டுக்கொண்டார். விறைப்பாக வாசலுக்குப் போனார். தெருவைப் பார்த்து, தன் பெயரைத் தானே மூன்று முறை கூப்பிட்டார். தெருவில் ஏழெட்டுக் கதவுகள் திறந்தன. பிறகு துண்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, வேறு ஆள் மாதிரிக் கையைக் கட்டி உள்ளே நடந்து வந்து, "ஆஜருங்க" என்று நின்றார். சொல்வதெல்லாம் உண்மை என்று யாரும் கேட்காமலே சத்தியம் செய்தார்.

"சூரிய வெளிச்சம்ங்க" என்றார். "நல்லா இருந்துச்சு. பத்து மணிக்குன்னா, கிழக்க இருந்து அந்த மூலையில விழுகும். கோர்ட்டார் வேணும்னா நாளைக்குப் பத்து மணிக்கு வந்து நேர்லயே பாத்துக்கிடலாம்."

வக்கீல் முகத்தில் அதுவரை இல்லாத ஒரு களை வந்தது. நல்ல சாட்சி கிடைக்காமல் எத்தனை வருஷம் தவித்திருப்பாரோ, பாவம். அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் விசாரித்தார். இடையில் நான், "அய்யா, பத்திரம் எப்ப எழுதலாம்?" என்று கேட்டேன்.

"நீ என் கட்சிக்காரன். வாயைத் தொறக்காதே" என்றார் வக்கீல்.

"அமைதி!" என்றார் வீட்டுக்காரர், அந்த முப்பது வருஷக் குரலில். நாற்பது டிரைவர்களை நடுங்க வைத்தவன் நான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குரலைக் கேட்டதும் குந்தி உட்கார்ந்துவிட்டேன்.

மூலப்பத்திரத்தை வக்கீல் அன்றைக்குக் கேட்கவே இல்லை. வீட்டுக்காரரே, கோர்ட்டுக் கட்டு மாதிரி நம்பர் போட்டு நூலில் கோத்து வைத்திருந்த பத்திரங்களைக் கொண்டுவந்து நீட்டினார். வக்கீல் அதை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "இதெல்லாம் காகிதம். ஆளைக் கேட்டாத்தான் தெரியும்" என்றார். அடுத்த வாய்தா வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்தார்கள். என்னைக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை போனபோது கூடத்தில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஒரு அம்மாள் கையோடு சுண்டல் கொண்டு வந்திருந்தாள். அன்றைய விசாரணை கிணற்றைப் பற்றி.

"இந்தக் கிணற்றில் யாராவது விழுந்ததுண்டா?"

"மனுசர் யாரும் விழுகலீங்க. ஒரு பித்தளைச் செம்பு விழுந்துச்சு."

"விழுந்ததா, தள்ளப்பட்டதா?"

வீட்டுக்காரர் நிஜமாகவே யோசித்தார். "அது வந்துங்க... என் சம்சாரம் கையில இருந்துச்சு. நான் அப்ப ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்கப்புறம் அது கெணத்துக்குள்ள இருந்துச்சு."

"உம்முடைய மனைவிக்கும் அந்தச் செம்புக்கும் முன்விரோதம் உண்டா?"

"செம்போட இல்லீங்க. அதைச் சீர் குடுத்த எங்க ஆத்தாவோட உண்டு."

கூடம் அதிரச் சிரித்தது. வக்கீலும் சிரித்தார். அப்புறம் வீட்டுக்காரர் அந்தச் செம்பைப் பற்றி, அன்றைக்கு அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பற்றி, அதற்காக அந்த அம்மாள் பதினோரு நாள் பேசாமல் இருந்ததைப் பற்றி, பேசாமலே மூன்று வேளையும் ஒழுங்காகச் சோறு போட்டதைப் பற்றி, முக்கால் மணி நேரம் சொன்னார். வக்கீல் ஓர் இடத்தில்கூடக் குறுக்கிடவில்லை. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் வண்டி நேரம் குறிக்கிற நோட்டை எடுத்து, "ஆரம்பம் 5.40, செம்பு 6.05, செம்பு இன்னும் முடியவில்லை 6.50" என்று எழுதிவைத்தேன். எழுதினால் கோபம் தணியும் என்று நினைத்தேன். தணியவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவளும் சிரித்தாள். முதல் வாய்தாவுக்குச் சிரித்தாள், இரண்டாவதுக்கும் சிரித்தாள். மூன்றாவது வாய்தாவில் பக்கத்து வீட்டு அம்மாளை வக்கீல் சாட்சியாகக் கூப்பிட்டார், அவளோ எல்லைச் சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், இவர்கள் வீட்டு முருங்கை இலை தன் வாசலில் உதிர்வதைப் பற்றியே பேசிவிட்டுப் போனாள் என்று சொன்னேன். அன்றைக்கு என் மனைவி சிரிக்கவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, வீங்கிய பாதத்தைக் கையால் அழுத்திப் பார்த்தாள். விரல் பதிந்த இடம் குழியாகவே இருந்தது. "இன்னைக்குத் தேதி என்னங்க?" என்று மட்டும் கேட்டாள். ஆனி பத்தொன்பது.

மறுநாள் வக்கீலைக் கோர்ட்டு வாசலிலேயே மடக்கினேன்.

"அய்யா, வீட்ல ஏதாச்சும் கோளாறு இருக்கா?"

"ஒரு கோளாறும் இல்லப்பா. அருமையான வீடு. ரொம்ப நாணயமான மனுசன்."

"அப்ப சரின்னு ஒரு வார்த்தை சொல்லிருங்களேன். எங்கப்பா அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காரு."

அவர் தர்மசங்கடமாக என்னைப் பார்த்தார். "தம்பி, இருபத்தஞ்சு வருசத்துல ஒரு சாட்சி சொன்னதையும் நான் சரின்னு சொன்னதில்ல. அது என் தொழில் இல்ல. நான் கேப்பேன், கேட்டுக்கிட்டே இருப்பேன். போதும்னு ஜட்ஜுதான் சொல்லணும். இங்க ஜட்ஜு இல்லையே, நான் என்ன பண்ணுவேன்?"

இதை அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. அந்தப் பக்கம் வீட்டுக்காரருக்கும், ஜட்ஜ் எழுந்திருக்காமல் கோர்ட்டு எப்படிக் கலையும் என்று தெரியவில்லை. பிரேக் இல்லாத வண்டியில் இரண்டு பேரும் ஆனந்தமாக உட்கார்ந்திருக்கிறார்கள், நானும் என் பெண்டாட்டியும் பின்னால் ஓடுகிறோம். நடுரோட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் என் மனைவி, "அடுத்த வாய்தா எப்ப?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை, ஆனி இருபத்திரண்டு என்றேன். "நானும் வாரேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் உக்கிரமாக இருந்தது. குதிரை வண்டியில் போயும் அவளுக்கு மூச்சு வாங்கியது. கூடத்தில் தெருவே திரண்டிருந்தது. வக்கீல் நின்றுகொண்டிருந்தார், வீட்டுக்காரர் கையைக் கட்டி எதிரில் நின்றுகொண்டிருந்தார், மற்றவர்கள் தரையில். கூடத்தின் நடுவே சுவரோரமாகக் கை வைத்த பெரிய மர நாற்காலி ஒன்று காலியாகக் கிடந்தது. அத்தனை வாய்தாவிலும் அதில் ஒருத்தரும் உட்கார்ந்ததில்லை. என் மனைவி இதையெல்லாம் கவனிக்கவில்லை. கால் வலி. உள்ளே வந்தாள், நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "அப்பாடா" என்றாள்.

வக்கீல் பேச்சை நிறுத்தினார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். வீட்டுக்காரர் துண்டைக் குறுக்கே போட்டுக்கொண்டு விறைத்து நின்றார். பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அவளைப் பார்த்துத் தலை குனிந்தார்கள். பழக்கம் எவ்வளவு பொல்லாதது பாருங்கள்! "கனம் கோர்ட்டார் அவர்களே" என்று வக்கீல் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவருக்கே அது திக்கென்று இருந்திருக்க வேண்டும்.

நானாக இருந்தால் பதறி எழுந்திருப்பேன். அவள் குடுமியான்மலைக்காரி, எதற்கும் அசைய மாட்டாள். ஒரு நொடி இவரைப் பார்த்தாள், ஒரு நொடி அவரைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து வயிற்றின் மேல் சரி செய்துகொண்டு, நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"வக்கீலய்யா, நீங்க கேட்டது போதும். உக்காருங்க."

வக்கீல் தரையில் உட்கார்ந்தார். இருபத்தைந்து வருஷம் அவரைப் பார்த்து அரண்ட போலீஸ்காரர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

"அய்யா, ஒங்களை ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்" என்றாள் வீட்டுக்காரரிடம். "இந்த வீட்டை விக்க ஒங்களுக்கு மனசு இருக்கா, இல்லையா?"

"ஆட்சேபணை" என்று வக்கீல் தரையிலிருந்து கையைத் தூக்கினார். அவள் பார்த்த பார்வையில் கையை இறக்கிவிட்டார்.

எல்லாக் கேள்விக்கும் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொன்ன மனிதர் அந்தக் கேள்விக்குத் துண்டைக் கழற்றினார். அதை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது, இருபத்தேழாம் தேதிக்கு எங்கே போவது என்று அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எத்தனையோ நினைத்துவிட்டேன்.

"விக்க மனசு இருக்கு ஆத்தா" என்றார். "போகத்தான் மனசு இல்ல. அங்க மகனும் மருமகளும் ஷிப்டுக்குப் போயிருவாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்க ஆளு கெடையாது. முப்பது வருசமா அடுத்தவுங்க பேரைக் கூப்பிட்டேன். ஒருநாளும் என்னை யாரும் கூண்டுல ஏத்திக் கேட்டதில்ல. இந்த வக்கீலய்யாதான் கேட்டாரு."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுண்டல் அம்மாள் மூக்கை உறிஞ்சினாள். எனக்கும் என்னவோ போலத்தான் இருந்தது, ஆனால் தேதி இருபத்திரண்டு.

என் மனைவி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள். பத்திரம் வருகிற புதன்கிழமை. வெள்ளிக்கிழமை நாங்கள் பால் காய்ச்சுவோம். "நீங்க இப்ப ஒடனே கோயம்புத்தூரு போக வேணாம். முன்ரூம்ல ஆடி மாசம் பூரா இருங்க. மனசு தேறினதும் போங்க. வக்கீலய்யா ஞாயித்துக்கிழமை வந்து என்ன வேணும்னாலும் கேட்டுக்கிடட்டும்."

முன்னறையா? என் சைக்கிளை வைப்பதற்காக நான் கணக்குப் பண்ணி வைத்திருந்த அறை அது! "என்னைக் கேக்காம எப்படி..." என்று எழுந்தேன்.

"அமைதி!" என்றார் வீட்டுக்காரர். குந்தி உட்கார்ந்தேன். கோர்ட்டு கலைந்தது. வெளியே வந்ததும் வக்கீல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி. ஒங்கப்பாகிட்டச் சொல்லிரு. சரி, சரி" என்று நாலைந்து முறை சொன்னார். அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்ப்பது அவருக்கே பிடித்திருந்தது போல.

புதன்கிழமை காலை சப் ரிஜிஸ்திரார் ஆபீஸில் கூட்டம். பத்திரம் என் மனைவி பெயரில். அது ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள். ஓரத்துப் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் வக்கீல். எங்கள் முறை வந்தது. வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி சட்டையில் ரிஜிஸ்திராருக்கு முன்னால் போய் நின்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இவர் வெளிச்சத்தில் ஆரம்பித்துச் செம்புக்கு வந்து சேர்வதற்குள் ஆபீஸை மூடிவிடுவார்கள்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"சம்மதிச்சுத்தான் எழுதிக் குடுக்குறீங்களா?"

"ஆமாங்க."

அவ்வளவுதான். ரிஜிஸ்திரார் முத்திரை வைத்துவிட்டு அடுத்த பத்திரத்தை எடுத்தார். வீட்டுக்காரர் நகரவில்லை. "வேற ஒண்ணும் கேக்கலீங்களா?" என்றார்.

"வேற என்ன கேக்கணும்?"

"காலையில சாப்புட்டாரான்னு கேளுங்க சார்" என்றாள் என் மனைவி பெஞ்சிலிருந்து. "நிக்க முடியாம மேசையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு, பாருங்க."

ரிஜிஸ்திரார் நிமிர்ந்து பார்த்தார். நல்ல மனிதர். "சாப்பிட்டீங்களா பெரியவரே?"

"இல்லீங்க. நேத்து மத்தியானத்துல இருந்து அடுப்புப் பத்த வைக்கல."

"ஏன்?"

"வித்தாச்சுங்களே. நேத்து மெழுகித் தொடச்சு வச்சுட்டேன். இனி அது இந்தப் புள்ள அடுப்புங்க. அது வந்து பால் காய்ச்சாம நான் அதுல கஞ்சி வைக்கிறது மொறை இல்லீங்க. வெள்ளிக்கிழமை வரைக்குந்தானே, இருந்துக்கிடுவேன்."

இவ்வளவு நாளும் இந்த மனிதரைத் திட்டித் திட்டி நோட்டில் நேரம் குறித்தோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. என் மனைவிக்கு வந்தது வெட்கம் இல்லை, ஆத்திரம். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பட்டினி கெடப்பாராமுல்ல!" என்று எழுந்தாள். பத்திரத்தை வாங்க வேண்டும், ரசீது வாங்க வேண்டும் என்று நான் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை. ஒரு கையில் அவரைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். வழியில் பால் வாங்கினாள். குதிரை வண்டியில் அவளும் வீட்டுக்காரரும் உள்ளே, வக்கீல் முன்னால் வண்டிக்காரருக்குப் பக்கத்தில், நான் பின்னால் தொற்றிக்கொண்டு.

வீட்டுக்குள் போனோம். அடுக்களை பளிச்சென்று மெழுகி, நடுவில் ஒரு சின்னக் கோலம் போட்டிருந்தது. ஆண்பிள்ளை போட்ட கோலம். ஒரு பக்கம் கோணியிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் இறைத்து வரச் சொன்னாள். சொந்தக் கிணற்றிலிருந்து எங்கள் முதல் வாளி. நான் இறைத்து வந்தபோது விறகு பற்றிக்கொண்டிருந்தது.

மணி பார்த்தேன். பன்னிரண்டேகால். புதன்கிழமை பன்னிரண்டேகால் என்றால் ராகு காலம் பிறந்து கால் மணி ஆகிவிட்டது. ஜோசியர் கொடுத்த நேரத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கேட்டால் என்ன சொல்வேன் என்று நினைத்தேன்.

"இப்ப ராகு..." என்று ஆரம்பித்தேன்.

"எதையும் ஒத்துக்கிடாதே" என்றார் வக்கீல், என் காதோரமாக.

பால் பொங்கி வழிந்தது. முதல் டம்ளரை அவள் வீட்டுக்காரரிடம் கொடுத்தாள். பிறகு அதே அடுப்பில் உலையை ஏற்றினாள்.